வழக்குப் போட்டால் யாப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

கிணற்றடி (கொக்குவில்)

அக்காவின் மகன் யாழ். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறான். வருகிற சனிக்கிழமை எங்கள் வாசிகசாலையில் அவனுக்கு ஒரு விவாதம். நேற்றுப் பின்னேரம் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி கேட்டான். எனக்கு இரவு நித்திரையே வரவில்லை. இங்கே சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கொண்டுவருகிறேன்.

"மாமா, 1972 அரசியல் யாப்பு எங்களைக் கேட்காமல் வந்தது, அதனால் அது எங்களைக் கட்டாது என்று தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம். அந்த வழியில் வந்ததுதான் 1978 யாப்பு. 2018இல் அந்த யாப்பை மீறிப் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முதல் பெயர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவுடையது. அப்படியென்றால் அதை நாங்கள் ஒப்புக்கொண்டுவிட்டோமா, இல்லையா?"

இளம் ஆட்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமையைக் கொடுக்கும் சட்டத்தையோ ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். 1964இல், அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற வழக்குப் போனது. இலஞ்ச நியாயசபை உறுப்பினர்களை நியமித்த முறை சரியா என்பதுதான் வழக்கு, தமிழர் விடயம் அதில் இல்லை. ஆனாலும் தீர்ப்பெழுதிய பியர்ஸ் பிரபு, இலங்கை மக்கள் எந்த அடிப்படை நிபந்தனைகளின் பேரில் இந்த யாப்பை ஏற்றார்களோ அவற்றையே 29(2) சொல்கிறது, அந்த யாப்பின் கீழ் அவற்றை மாற்ற முடியாது என்று எழுதிவைத்தார்.

1970இல் சிறிமாவோவின் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு வந்தது. பழைய யாப்பைத் திருத்தப் போகவில்லை. எம்.பி.மாரையே அரசியல் நிர்ணய சபை என்று கொழும்பு நவரங்கலவில் கூட்டினார்கள், பாராளுமன்றக் கட்டடத்தில் கூட்டவில்லை. பழைய சட்டச் சங்கிலியை அறுப்பதே நோக்கம். தமிழரசுக் கட்சி வைத்த திருத்தங்கள் விழுந்தன, 1971இல் கட்சி வெளியேறியது. 1972 மே 22 புதிய யாப்பு வந்தது. 29 இல்லாமல் போனது. ஒக்டோபரில் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் இந்த யாப்பை ஏற்கிறார்களா என்று தேர்தலில் பார்ப்போம் என்றார். அந்த இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தடித்தார்கள். அவருக்கு 25,927 வாக்குகள், எதிர்த்தவருக்கு 9,457.

இவ்வளவும் சொன்னேன். "அது 1975, மாமா. நான் கேட்டது 2018" என்றான். என்ன சொல்வது?


சட்டப்பெட்டி (நல்லூர்)

முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படி ஏறியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருமகன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு சொல் திருத்தம். அரசு வேறு, அரசாங்கம் வேறு. நாங்கள் இரண்டையும் "அரசு" என்று எழுதிப் பழகிவிட்டோம், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1933ஆம் ஆண்டு மொன்டிவிடியோ உடன்படிக்கை அரசுக்கு நான்கு தகுதி சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் ஆற்றல். அரசாங்கம் அதில் ஓர் உறுப்பு. அது மாறலாம், கவிழலாம், சட்டத்தை மீறியும் வரலாம், அரசு அப்படியே இருக்கும்.

இனி, சட்டத்தை மீறி வந்த யாப்பு எப்படிச் சட்டமாகிறது? ஹான்ஸ் கெல்சன் என்ற சட்ட அறிஞரின் விளக்கம் இது: ஒரு சட்ட ஒழுங்கை உடைத்துப் புதியதை வைத்தவன் வென்று, மக்களும் அதன்படி நடக்கத் தொடங்கினால், அடிப்படை விதியே மாறிவிடுகிறது. பாகிஸ்தான் உயர் நீதிமன்றம் 1958இல் டோசோ வழக்கில் இதை எடுத்து, இராணுவ ஆட்சி வென்றுவிட்டது, ஆகவே அது சட்டம் என்றது. 1972இல் அதே நீதிமன்றம் அஸ்மா ஜிலானி வழக்கில், டோசோ பிழை, யாஹ்யா கான் அதிகாரத்தை அபகரித்தவர் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அப்போது யாஹ்யா கான் பதவியில் இல்லை. ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தார்.

எனக்கு இதில் படிப்பினை ஒன்றுதான். இருக்கையில் இருப்பவனை அபகரித்தவன் என்று சொல்லும் பலம் நீதிமன்றத்துக்கு மிக அபூர்வமாகவே இருந்திருக்கிறது. 1976இல் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக தமிழ்த் தலைவர்கள் அமிர்தலிங்கம் முதலியோர் மீது வந்த ட்ரயல்-அட்-பார் (ஜூரி இல்லாமல் நீதிபதிகள் குழு விசாரிக்கும்) வழக்கில், 1972 யாப்பே செல்லாது என்று ஜி. ஜி. பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும் வாதாடினார்கள். எந்த மரக்கொம்பில் நீதிபதி அமர்ந்திருக்கிறாரோ அந்தக் கொம்பை வெட்டச் சொல்லும் வாதம் அது. அதை ஏற்றிருந்தால் அந்த நீதிமன்றமே இல்லை. குற்றவாளிகள் என்று அவர்களுக்குத் தீர்ப்பு வரவில்லை என்பது உண்மை. ஆனால் யாப்பும் விழவில்லை.

ஆகவே என் பதில்: ஆம். ஐம்பது வருடம் அந்த ஒழுங்கின் கீழ் காணி வாங்கி, வரி கட்டி, வாக்களித்து, வழக்காடிவிட்டோம். அது செல்லுபடியான யாப்பு. நல்ல யாப்பு என்று நான் சொல்லவில்லை.


வல்லைவெளி (அச்சுவேலி)

சட்டப்பெட்டி ஐயா மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை என்னால் விழுங்க முடியாது.

வென்றவன் வைத்ததுதான் சட்டம் என்றால் சட்டம் என்ற சொல் எதற்கு? பலம் என்றே சொல்லிவிடலாமே. ஒரு வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதுகிறார்கள். அதில் இரண்டு பேருடைய பங்கைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. பிறகு எட்டுப் பேர் பக்கத்து மண்டபத்தில் கூடி, பழைய தாளைக் கிழித்துப் புதியதை எழுதுகிறார்கள். இரண்டு பேரும் எழும்பி வெளியே போகிறார்கள். போனவர்கள் பிறகு அதே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பதால் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஆகுமா? அவர்களுக்குப் போக வேறு வீடு இல்லை, ஐயா.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் எடுத்துப் பாராளுமன்றம் போனதையும், அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததையும் யாரும் சொல்ல முதல் நானே சொல்கிறேன். அந்த வாக்குக் கேட்டது எதற்கு? யாப்பை ஏற்கிறோம் என்றா கேட்டார்கள்? தனிநாடு கேட்ட 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துக் கேட்டார்கள். பிறகு 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாவிட்டால் ஆசனம் இல்லை. மக்கள் எதற்காக அனுப்பினார்களோ அதைச் சொல்லும் வாயை அடைத்தபிறகு, உள்ளே இருப்பவர்களைக் காட்டி "பார், உங்கள் ஆட்கள் ஏற்றுக்கொண்டார்கள்" என்பது என்ன நியாயம்?

சர்வதேச சட்டமும் வெறும் பலத்தைப் பேசவில்லை. 1970இல் ஐ.நா. பொதுச்சபையின் 2625ஆம் தீர்மானம், ஒரு நாட்டின் நில ஒருமைப்பாட்டைச் சொல்லும் இடத்திலேயே, இனம் மதம் நிறம் என்ற வேறுபாடு இல்லாமல் முழு மக்களையும் பிரதிநிதித்துவம் செய்யும் அரசாங்கம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து கதையுங்கள்.


சட்டப்பெட்டி (நல்லூர்)

படித்திருக்கிறேன், தம்பி. கனடா உயர் நீதிமன்றமும் 1998இல் கியூபெக் விடயத்தில் அதைப் படித்தது. உள்ளே அர்த்தமுள்ள முறையில் ஆட்சியில் பங்குபெற முற்றாக மறுக்கப்பட்ட மக்களுக்கு வெளியே போகும் உரிமை வரலாம் என்ற வாதத்தை எடுத்துக் கதைத்தது. ஆனால் அது நிலைபெற்ற சட்டமா என்று முடிவு சொல்லாமல் விட்டது, கியூபெக்குக்கு அந்த நிலை இல்லை என்பதால். நாங்கள் அந்தத் தீர்மானத்தை உறுதிப் பத்திரம் மாதிரிக் கையில் வைத்திருக்கிறோம். அது இன்னும் பதிவாகவில்லை.


சங்குவேலி

நான் சட்டம் படிக்கவில்லை, செய்தி வாசிப்பேன். வெளிநாடுகள் ஓர் அரசாங்கத்தை ஏற்றால் அது சரியான அரசாங்கம் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. மியன்மாரைப் பாருங்கள். 2021 பெப்ரவரி 1 இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நியூயோர்க்கில் ஐ.நா. ஆசனத்தில் பழைய அரசாங்கம் அனுப்பிய தூதரே தொடர்ந்து இருந்தார். ஆனால் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ரோஹிங்யா வழக்கு 2022 பெப்ரவரியில் வந்தபோது மியன்மார் என்று எழும்பி நின்றவர்கள் இராணுவத்தின் ஆட்கள். ஒரே நாடு, ஒரே ஐ.நா., இரண்டு வாசலில் இரண்டு பேர். இதில் எது ஏற்பு?


சட்டப்பெட்டி (நல்லூர்)

சரியான உதாரணம். பிரித்தானியா 1980இலேயே, இனி நாங்கள் அரசுகளைத்தான் அங்கீகரிப்போம், அரசாங்கங்களை அல்ல என்று அறிவித்துவிட்டது. மெக்சிகோ அதற்கு ஐம்பது வருடம் முன்பு, 1930இல், எஸ்ட்ராடா கோட்பாடு என்று சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலை அல்ல. கொஸ்டாரிக்காவின் டினோகோ இரண்டரை வருடம் பலாத்காரமாக ஆண்டார். பிரித்தானியா அவரை அங்கீகரிக்கவே இல்லை. ஆனால் 1923இல் நடுவராக இருந்த டாஃப்ட், நாட்டைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான், அங்கீகாரம் இல்லாததால் அந்த உண்மை மாறாது என்றார். வெளி உலகம் பெரும்பாலும் கேட்பது "யார் கையில் சாவி?" என்பதைத்தான். "சாவி எப்படி வந்தது?" என்று கேட்பது குறைவு.


கைதடிப் பிள்ளை

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எல்லோரும் யாப்பையும் தூதரையும் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் ஒரு காணிக்கதை சொல்கிறேன்.

1990 முதல் 1995 வரை இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பொலிஸ் புலிகளுடையது, நீதிமன்றம் புலிகளுடையது, வெளியே போகப் பாஸ் அவர்களிடம். ஆனால் கச்சேரி (கொழும்பு அரசாங்கத்தின் மாவட்ட நிர்வாக அலுவலகம்) நடந்தது, ஆசிரியர்மாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. காலையில் ஓர் அரசாங்கம், பின்னேரம் இன்னொன்று என்று இருந்தோம். என் அப்பாவுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் வேலியில் தகராறு. அன்றைய நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு தரப்பையும் கேட்டு, அளந்து பார்த்து, வேலியை இரண்டு முழம் உள்ளே தள்ளி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் ஏற்றார்கள். வேலி அங்கே போடப்பட்டது. பூவரசு இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

அப்பா இறந்த பிறகு அந்தக் காணியை எழுதப் போனோம். நொத்தாரிசு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதைச் சட்டம் பார்க்காது அம்மா என்று திருப்பித் தந்தார். அவரில் பிழை இல்லை. ஆனால் நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அழுதேன். இரண்டு குடும்பம் மனதார ஏற்றுக்கொண்ட ஒரு தீர்ப்பு. கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை என்பதற்காக அது நடக்காததாகிவிடுமா?

பிறகு மகள் தேடித் தந்தாள். நமீபியாவைத் தென்னாபிரிக்கா பிடித்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 1971இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அதே கருத்துரையில், அந்தச் சட்டவிரோத நிர்வாகம் செய்த பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை இல்லையென்று தள்ளக்கூடாது, தள்ளினால் துன்பப்படுவது அங்கே வாழும் மக்கள் என்றும் சொன்னதாம். வேலித் தகராறு அதில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அதை வாசித்த அன்று எனக்கு மனம் ஆறியது. எந்த அரசாங்கம் சரி என்று பெரியவர்கள் தீர்மானிக்கும்வரை பிள்ளைகள் பிறக்காமல் இருக்க முடியாதே.


கிணற்றடி (கொக்குவில்)

தங்கச்சி, நீங்கள் எழுதியதை அக்கா வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

மருமகன் உடனே ஒன்றைப் பிடித்தான். ரொடீசியாவில் வெள்ளையர் 1965இல் தாங்களாகச் சுதந்திரம் அறிவித்தார்கள். 1968இல் மட்சிம்பமுட்டோ வழக்கு பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. அந்த ஆட்சி சட்டவிரோதம், அதன் உத்தரவுகள் செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரே ஒருவர் மாற்றி எழுதினார்: ஆட்சி சட்டவிரோதமே, ஆனால் மக்களின் அன்றாட வாழ்வு ஒழுங்காக நடக்கத் தேவையான செயல்களை ஒரு வரம்புக்குள் ஏற்கலாம் என்று. அவர் யார் தெரியுமா? அதே பியர்ஸ் பிரபு. எங்கள் 29ஆம் பிரிவைப் பற்றி எழுதியவர். ஆள்பவனின் உரிமையும் ஆளப்படுபவனின் அன்றாடமும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். எனக்கு இந்த இழையில் கிடைத்த பெரிய வெளிச்சம் இதுதான்.


மணற்காடு_98

ஐயாமார் குறை நினைக்க வேண்டாம். நான் பிறந்தது 1998. எனக்கு 1972ஐ விட 2018 ஒக்டோபர்தான் பெரிய திகதி. வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்த மாதம் அது. 2013 செப்டெம்பரில் 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து மக்கள் அமைத்த சபை. அதன்பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நிர்வாகம் செய்கிறார். நான் வாக்குரிமை பெற்ற பிறகு மாகாணத்துக்கு ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தம் யாப்பில் அப்படியே இருக்கிறது. ஒரு வரியும் அழிக்கப்படவில்லை. ஆனால் சபை இல்லை. யாப்பைக் கிழிக்காமலே யாப்பை இல்லாமல் செய்யலாம் என்பதை எங்கள் தலைமுறை கண்டுவிட்டது.

2022இலும் அதுதான். சனாதிபதி கோட்டாபய ஓடினார். முந்திய பொதுத் தேர்தலில் முழுநாட்டிலும் ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் எடுத்த கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்க, ஜூலை 20ஆம் திகதி 134 எம்.பி.மாரின் வாக்கில் சனாதிபதியானார். யாப்பின்படி நூறு வீதம் சரி. மக்கள் ஏற்றார்களா? சட்டபூர்வம் ஒன்று, ஏற்புடைமை இன்னொன்று என்று எனக்குப் புத்தகம் படிக்காமலே விளங்கியது.


சட்டப்பெட்டி (நல்லூர்)

தம்பி மணற்காடு எழுதியது என்னை யோசிக்க வைத்தது. முதல் பதிவில் நான் "ஆம்" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அதைத் திருத்துகிறேன்.

பீஜியில் 2000ஆம் ஆண்டு சதிப்புரட்சி நடந்தது, இராணுவம் யாப்பை நீக்கிவிட்டதாக அறிவித்தது. சந்திரிகா பிரசாத் என்ற விவசாயி, இந்திய வம்சாவளி, கலவரத்தில் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவர், அவர் வழக்குப் போட்டார். 2001 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997 யாப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்த்தது. டோசோ மாதிரி "வென்றுவிட்டான்" என்று நிறுத்தவில்லை. மக்கள் ஏற்றார்களா என்று கேட்டது. ஏற்றார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆட்சியைப் பிடித்தவனுடையது என்றது. மிக முக்கியமாக, பயத்தாலும் வற்புறுத்தலாலும் அடங்கி இருப்பது ஏற்பு ஆகாது என்றது. (2009இல் அங்கே அந்த யாப்பையே நீக்கிவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்தால் நாடு திருந்தும் என்று இல்லை.)

இந்த அளவுகோலை 1972க்கு வைத்துப் பார்த்தால், 1975 காங்கேசன்துறை முடிவு சாதாரண இடைத்தேர்தல் முடிவு அல்ல. ஏற்கவில்லை என்று எண்ணிக்கையோடு பதிவான ஒரே இடம் அது. வல்லைவெளி சொன்ன சமையல் உதாரணத்தை நான் முதலில் உணர்ச்சிப் பேச்சு என்று நினைத்தேன். இல்லை, பீஜி நீதிபதிகள் சொன்னதும் அதுதான்.

இனி 2018. அன்று ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13ஆம் திகதி ஒருமனதாக, நாலரை வருடம் முடிய முதல் பாராளுமன்றத்தைக் கலைத்தது யாப்புக்கு முரண் என்றார்கள். சம்பந்தன் ஐயா அங்கே கேட்டது "இது எங்கள் யாப்பு" என்பதை அல்ல. "நீங்கள் எழுதிய விதிக்கு நீங்கள் கட்டுப்படுங்கள்" என்பதை. எங்கள் தொழிலில் கடிதத்தின் தலையில் "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று எழுதுவோம். பேச்சுக்கு வருகிறேன், பணத்தை வாங்குகிறேன், ஆனால் என் வழக்கை விடவில்லை என்பது அதன் பொருள். ஆளப்படுபவன் நீதிமன்றம் போவதெல்லாம் அந்தத் தலைப்போடுதான் வாசிக்கப்பட வேண்டும்.


வல்லைவெளி (அச்சுவேலி)

ஐயா திருத்தி எழுதியதற்கு மனம் நிறைந்த நன்றி. நானும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். வழக்குக்குப் போகவே கூடாது என்று ஒரு காலத்தில் இங்கே சண்டை பிடித்தவன் நான். ஆனால் 2017 ஓகஸ்டில் அதே உயர் நீதிமன்றம், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது என்று தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில் தீர்த்தது. சமஷ்டி என்று வாய் திறந்தாலே பிரிவினைவாதி என்று இருந்த நாட்டில் அது சின்ன விடயம் இல்லை. போகாமல் இருந்திருந்தால் அந்த வரி கிடைத்திருக்காது.

ஆனால் ஐயா, தலைப்பை எழுதினால் மட்டும் போதாது. யாராவது அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். 1975இல் செல்வநாயகம் வாசித்தார், மக்களைக் கொண்டு வாசிப்பித்தார். பிறகு வந்தவர்கள் ஆசனத்தில் இருந்துகொண்டு அதை எத்தனை தரம் வாசித்தார்கள்?


கைதடிப் பிள்ளை

அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவின் தாளிலும் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.


கிணற்றடி (கொக்குவில்)

மருமகனுக்குக் கிடைத்திருப்பது "ஒப்புக்கொண்டோம்" என்ற பக்கம். சீட்டு எடுத்துத்தான் பக்கம் பிரித்தார்களாம். முகம் வாடிப் போய் வந்தான். நான் இந்த இழையை முழுக்க அச்செடுத்துக் கொடுத்தேன். சட்டப்பெட்டி ஐயாவின் முதல் பதிவைத் தன் வாதமாக எடுக்கிறானாம். பிரசாத் வழக்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்தால் என்ன சொல்வது என்பதுதான் இப்போது அவனுடைய கவலை. மணற்காட்டுத் தம்பியும் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தால் நல்லது. மாகாண சபைக் கேள்வியைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து யாராவது கேட்க வேண்டும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதைத் தொடவில்லை.